நான்கு தாள்களில் ஒரு மாவட்டம்

2024 மக்களவைத் தேர்தலில் புதுக்கோட்டை மாவட்டம் எப்படி வாக்களித்தது? டீக்கடையில் கேட்டால் ஆளுக்கொரு பதில் கிடைக்கும். எண்களோடு சொல்லுங்கள் என்றால் பேச்சு நின்றுவிடும். ஏனென்றால் அந்தப் பதில் எந்த ஒரு தாளிலும் இல்லை. 2008-ல் நடைமுறைக்கு வந்த தொகுதி மறுவரையறையில் புதுக்கோட்டை என்ற மக்களவைத் தொகுதியே இல்லாமல் போனது. அந்தப் பெயரில் கடைசியாக நடந்தது 2004 தேர்தல். மாவட்டத்தின் ஆறு சட்டமன்றத் தொகுதிகளும் நான்கு திசைக்குப் பிரிந்தன. கந்தர்வகோட்டையும் புதுக்கோட்டையும் திருச்சிராப்பள்ளியோடு சேர்ந்தன, திருமயமும் ஆலங்குடியும் சிவகங்கையோடு, அறந்தாங்கி ராமநாதபுரத்தோடு, விராலிமலை கரூரோடு. தொகுதியைத் திருப்பிக் கொடுங்கள் என்ற குரல் அதற்குப் பிறகு தேர்தல்தோறும் எழுகிறது. அது அரசியல். அந்தப் பிரிவினை ஒரு விரிதாள் பயனரின் மேசைமேல் கொண்டுவந்து வைக்கும் சிக்கலைத்தான் இங்கே பார்க்கப் போகிறோம்.

வாக்கு எண்ணி முடிந்ததும் ‘படிவம் 20’ என்ற இறுதி முடிவுத் தாள் தயாராகிறது. கிடைவரிசைக்கு ஒரு வாக்குச்சாவடி, நெடுவரிசைக்கு ஒரு வேட்பாளர். வலது ஓரத்தில் செல்லுபடியான வாக்குகளின் கூட்டுத்தொகை, நோட்டா, மொத்தம். தமிழ்நாட்டில் ஒரு மக்களவைத் தொகுதிக்குள் ஆறு சட்டமன்றத் தொகுதிகள் அடக்கம். ஆகவே மாவட்டத்தின் கணக்கைப் போட வேண்டுமானால் நான்கு கோப்புகளைத் திறந்து, 24 பகுதிகளில் நமக்குரிய ஆறை மட்டும் பிரித்தெடுத்து, ஒன்றோடொன்று ஒப்பிட வேண்டும். ஆய்வு மாணவரானாலும் செய்தியாளரானாலும் கட்சி அலுவலகத்தில் கணக்குப் பார்க்கிறவரானாலும் இதற்குக் குறுக்குவழி கிடையாது.

முதலில் எல்லோரும் செய்வது ஆல்ட் விசையையும் டேப் விசையையும் சேர்த்து அழுத்தி ஒரு கோப்பிலிருந்து இன்னொன்றுக்குத் தாவுவது. திருமயம் சாவடி ஒன்றின் எண்ணைப் பார்த்து, அதை வாய்க்குள் முணுமுணுத்துக்கொண்டே அடுத்த கோப்புக்குப் போய், அங்கே இடம் தேடிக் கண்டுபிடிப்பதற்குள் முணுமுணுத்த எண்ணில் ஓர் இலக்கம் மாறியிருக்கும். திரும்பிப் போய்ப் பார்க்க வேண்டும். கால் மணி நேரத்தில் எரிச்சல் வந்துவிடும். இதற்கு வயதையோ கவனக்குறைவையோ காரணம் சொல்லிக்கொள்ள வேண்டியதில்லை. மனித மூளை அப்படித்தான் அமைந்திருக்கிறது.

மனம் ஒரே நேரத்தில் ஏழு உருப்படிகளை, இரண்டு கூடவோ குறையவோ, பிடித்து வைத்துக்கொள்ளும் என்று 1956-ல் எழுதினார் உளவியலாளர் ஜார்ஜ் மில்லர். 2001-ல் நெல்சன் கோவன் அதை ஏறக்குறைய நான்காகக் குறைத்தார். கண்ணால் பார்த்த உருவங்களை நினைவில் வைப்பதற்கும் கிட்டத்தட்ட இதே நான்குதான் எல்லை என்பதை ஸ்டீவன் லக், எட்வர்ட் வோகல் இருவரும் 1997-லேயே காட்டியிருந்தார்கள். படிவம் 20-ல் ஒரு கிடைவரிசையில் இருக்கும் எண்களோ பல பத்து. ஒரு தாளை மறைத்து இன்னொரு தாளைத் திறக்கும்போது, அந்த எண்களில் நான்கைத் தவிர மற்றதெல்லாம் வழியிலேயே சிந்திவிடுகின்றன.

கண்ணின் அமைப்பும் இதற்கு ஒத்தாசை செய்வதாக இல்லை. விழித்திரையின் நடுவில் உள்ள ஒரு சிறு குழிக்கு மட்டுமே கூர்மையான பார்வை உண்டு. அது மூடும் பரப்பு ஏறத்தாழ இரண்டு பாகை. கையை முழுக்க நீட்டிக் கட்டைவிரலை உயர்த்தினால் நகம் மறைக்கிற அளவு. திரை முழுவதும் தெளிவாகத் தெரிகிறது என்று நாம் நினைத்துக்கொண்டிருக்கிறோம். உண்மையில் ஒரு கணத்தில் தெளிவாகத் தெரிவது இரண்டு மூன்று கட்டங்கள்தான். மிச்சத்தைக் கண் நொடிக்கு மூன்று முறை போலத் தாவித் தாவி இட்டு நிரப்புகிறது. தாவுகிற அந்த நேரத்தில் பார்வை ஏறக்குறைய அணைந்துவிடுகிறது. அப்படி அணைவது நமக்குத் தெரிவதுமில்லை.

அப்படியானால் சமைப்பது, தைப்பது, கணக்கு எழுதுவது என்று நாம் எப்படிச் சமாளிக்கிறோம்? அமெரிக்காவின் ரோச்செஸ்டர் பல்கலைக்கழகத்தில் டானா பாலர்ட், மேரி ஹேஹோ, ஜெஃப் பெல்ஸ் ஆகியோர் 1995-ல் வெளியிட்ட ஒரு சோதனையில் இதற்கு விடை இருக்கிறது. திரையின் ஒரு மூலையில் வண்ணக் கட்டைகளால் ஆன ஒரு மாதிரி. இன்னொரு மூலையில் உதிரிக் கட்டைகள். மாதிரியைப் பார்த்து அப்படியே அடுக்க வேண்டும், அவ்வளவுதான். கண் எங்கே போகிறது என்பதை ஒரு கருவி பதிவு செய்தது. ஒருமுறை பார்த்து இரண்டு மூன்று கட்டைகளையாவது மனத்தில் ஏற்றிக்கொள்வார்கள் என்றுதான் யாரும் நினைப்போம். அவர்கள் ஒரே கட்டைக்கு இரண்டு முறை மாதிரியைப் பார்த்தார்கள். என்ன நிறம் என்று ஒருமுறை பார்த்து எடுத்தார்கள். எங்கே வைப்பது என்று மறுபடியும் பார்த்து வைத்தார்கள். நிறத்தையும் இடத்தையும் சேர்த்து நினைவில் வைப்பதைக்கூடத் தவிர்த்தார்கள். கண்ணைத் திருப்புவது மலிவு, நினைவில் சுமப்பது செலவு. மலிவானதையே மூளை வாங்குகிறது.

மலிவை எடுத்துவிட்டால்? வேய்-டாட் ஃபூ, வெய்ன் கிரே இருவரும் 2000-ல் அதே மாதிரியான கட்டை விளையாட்டில் மாதிரியை மூடி வைத்தார்கள். சிலருக்கு அதைத் திறந்து பார்க்க ஒரு நொடி காத்திருக்க வேண்டும் என்று விதித்தார்கள். ஒரே ஒரு நொடி. அதற்கே அவர்கள் பார்ப்பதைக் குறைத்து நினைவை நம்பத் தொடங்கிவிட்டார்கள். ஆல்ட்-டேப் தாவலும், தாவியபின் இடம் தேடுவதும் ஒரு நொடிக்கு மேலேயே ஆகும். ஆகவே அந்த வழியில் வேலை செய்கிறவர் தம்மை அறியாமலே ‘ஞாபகம் இருக்கிறது, போய்ப் பார்க்க வேண்டாம்’ என்று முடிவெடுக்க ஆரம்பிக்கிறார். பிழை நுழைவது அங்கே.

இரண்டு தாள்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைப்பதற்கான அறிவியல் காரணம் இதுதான். மேத்யூ ப்ளம்லீ, காலின் வேர் இருவரும் 2006-ல் இதை நேரடியாகவே சோதித்தார்கள். பெரிய நிலப்படம் போன்ற ஒரு பரப்பில் வெவ்வேறு இடங்களில் உள்ள உருவத் தொகுப்புகளை ஒப்பிட வேண்டும். ஒரு முறையில் படத்தைச் சுருக்கி விரித்து இடம்விட்டு இடம் போகலாம். இன்னொரு முறையில் தனித்தனிச் சாளரங்களைத் திறந்துகொள்ளலாம். தொகுப்பில் ஒன்றிரண்டு உருவங்கள் மட்டும் இருந்தவரை சாளரம் திறக்கும் சிரமம்தான் மிச்சம். எண்ணிக்கை மனத்தின் கொள்ளளவைத் தாண்டியதும் சாளரங்கள் முந்தின. சுருக்கி விரித்துப் பார்த்தவர்களுக்குத் தவறுகளும் கூடின.

விரிதாளை உருவாக்கியவர்களுக்கு இது தொடக்கத்திலேயே தெரிந்திருந்தது என்பது எனக்கு வியப்பு. டான் பிரிக்லினும் பாப் ஃபிராங்ஸ்டனும் 1979-ல் ஆப்பிள் 2 கணினிக்காகக் கொண்டுவந்த விசிகால்க் தாளில் 63 நெடுவரிசைகளும் 254 கிடைவரிசைகளும் இருந்தன. அந்தக் கணினியின் திரையோ குறுக்கே 40 எழுத்து, நெடுக்கே 24 வரி. தாளின் ஒரு மூலையைத்தான் ஒரு நேரத்தில் பார்க்க முடியும். அதனால் அதிலேயே திரையை இரண்டாகப் பிளக்கும் கட்டளையை வைத்தார்கள். பிளந்த பாதிகள் சேர்ந்து நகர ஒரு கட்டளை, தனித்தனியே நகர இன்னொன்று. இன்றைக்கு எக்செல்லில் ‘சிங்க்ரனஸ் ஸ்க்ரோலிங்’ என்று நாம் சொடுக்குவது அந்த வம்சத்தில் வந்ததுதான்.

சாளரங்களின் கதை நேர்கோட்டில் போகவில்லை. 1985-ல் வந்த முதல் விண்டோஸில் சாளரங்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறவே முடியாது. தரையில் பதித்த ஓடு போல அடுத்தடுத்துத்தான் நிற்கும். 1987-ல் இரண்டாம் பதிப்பில் அவை மேலேறிக்கொள்ள அனுமதி கிடைத்தது, அது முன்னேற்றம் என்று கொண்டாடப்பட்டது. எது மேல் என்று 1986-லேயே சாரா ப்ளை, ஜாரெட் ரோசன்பர்க் இருவரும் ஆராய்ந்திருந்தார்கள். சாளரங்களை அதிகம் நகர்த்தத் தேவையில்லாத வேலைகளில் அடுத்தடுத்து நிற்கும் அமைப்பில் வேகம் கூடியது. மற்ற வேலைகளில், அதுவும் பழகிய கைகளுக்கு, மேலேறும் அமைப்பு வசதியாக இருந்தது. 2009-ல் விண்டோஸ் 7 வந்தபோது, சாளரத்தை ஓரத்துக்கு இழுத்தால் பாதித் திரையில் ஒட்டிக்கொள்ளும் வசதியைப் புதிது போல அறிமுகம் செய்தார்கள். 24 ஆண்டு சுற்றி வந்து புறப்பட்ட இடத்துக்குப் பக்கத்தில் இறங்கியிருக்கிறோம்.

எக்செல்லில் இரண்டு கோப்புகளை ஒருசேரப் பார்க்கும் கட்டளை 2003 பதிப்பில் வந்தது. ஆனாலும் 2010 பதிப்பு வரை எல்லாக் கோப்புகளும் ஒரே பெரிய சட்டத்துக்குள்தான் திறந்தன. இரண்டு திரை வைத்திருந்தவர்கள் ஒரு கோப்பை அந்தத் திரைக்கும் இன்னொன்றை இந்தத் திரைக்கும் இழுக்க முடியாமல், எக்செல்லையே இரண்டு முறை திறந்து வேலை செய்தார்கள். 2013-ல்தான் கோப்புக்கு ஒரு தனிச் சாளரம் என்றானது. நல்லதுதான். ஆனால் ஒவ்வொரு சாளரத்துக்கும் தலைமேல் ஒரு பட்டை, அதாவது ரிப்பன், தனியாக வந்து உட்கார்ந்துகொண்டது.

இதன் விளைவை ஒரு சாதாரண மடிக்கணினியில் பார்த்துவிடலாம். 1366க்கு 768 புள்ளிகள் கொண்ட திரை. நான்கு மக்களவைத் தொகுதிக் கோப்புகளையும் திறந்து, வியூ மெனுவில் ‘அரேஞ்ச் ஆல்’ போய், ‘டைல்ட்’ என்று கொடுத்தால் ஆளுக்குக் கால் திரை கிடைக்கும். 384 புள்ளி உயரத்தில் ரிப்பனும் சூத்திரப் பட்டையும் தாள்களின் பெயர்ப் பட்டையும் போக, எண்கள் தெரிவதற்கு மிஞ்சுவது கைவிரலில் எண்ணக்கூடிய வரிசைகள். கன்ட்ரோல் விசையோடு எஃப்1 அழுத்தி ரிப்பனைச் சுருக்கினால் இன்னும் சில வரிசைகள் எட்டிப் பார்க்கும். அப்போதும் சொல்கிறேன், நான்கு சாளரம் வீண் ஆசை. கண்ணின் கூர்மை இரண்டு பாகைதான். நான்கு இடத்துக்கு அதை ஓட விட்டால் ஒவ்வொரு முறையும் இடம் தேடுகிற செலவு கூடிவிடும். எக்செல்லின் ‘வியூ சைட் பை சைட்’ கட்டளையும் இரண்டே இரண்டு சாளரங்களைத்தான் கோத்துவிடுகிறது. அதிகம் திறந்திருந்தால் எதனோடு ஒப்பிட என்று கேட்கும். நான்கு கோப்பாக இருந்தாலும் இரண்டிரண்டாகப் பாருங்கள்.

இரண்டையும் எப்படி வைப்பது, இடமும் வலமுமா, மேலும் கீழுமா? பக்கத்தில் வைக்கச் சொன்னால் எக்செல் ஒன்றைத் தூக்கி இன்னொன்றின் தலைமேல் வைக்கிறதே என்று பலரும் சலித்துக்கொள்வார்கள். முதலில் அது அப்படித்தான் வைக்கும். இடம்வலமாக வேண்டுமானால் அதன்பிறகு அரேஞ்ச் ஆல் போய் ‘வெர்ட்டிகல்’ என்று மாற்றிக்கொள்ள வேண்டும். ஆனால் எது சரி என்பதைத் தாளே சொல்லும். 1984-ல் வில்லியம் கிளீவ்லண்ட், ராபர்ட் மெக்கில் இருவரும் மனிதக் கண் எதை நன்றாக ஒப்பிடுகிறது என்று சோதித்து ஒரு வரிசை தந்தார்கள். அதில் முதலிடம், ஒரே பொது அளவுகோலின்மேல் அமைந்த இடங்களை ஒப்பிடுவதற்கு. அது வரைபடங்களுக்குச் சொன்னது; தாள்களுக்கும் அது வழிகாட்டும் என்பது என் எண்ணம். இரண்டு தாளுக்கும் எது பொதுவோ அது ஒரே நேர்கோட்டில் விழ வேண்டும். ஆலங்குடியின் 2019 தாளையும் 2024 தாளையும் ஒப்பிட்டால் பொதுவானவை சாவடிகள், அதாவது கிடைவரிசைகள். ஆகவே இடமும் வலமும். 2024-ல் ஆலங்குடியையும் அறந்தாங்கியையும் ஒப்பிட்டால் சாவடிகள் வேறு. பொதுவானவை கட்சிகள், அதாவது நெடுவரிசைகள். ஆகவே மேலும் கீழும்.

பொதுவானவை என்று சொன்னேனே தவிர, தாள்கள் அதற்கு ஒத்துழைப்பதில்லை. வாக்குச்சீட்டில் பெயர்கள் மூன்று பிரிவாக அச்சாகும்: அங்கீகரிக்கப்பட்ட கட்சிகளின் வேட்பாளர்கள், பதிவு பெற்ற மற்றக் கட்சிகளின் வேட்பாளர்கள், சுயேச்சைகள். ஒவ்வொரு பிரிவுக்குள்ளும் பெயரின் அகர வரிசை. வேட்பாளர் மாறினால் கட்சியின் இடமும் மாறும். கூட்டணி என்று பார்த்தால் இன்னும் மோசம். 2024-ல் இந்தியா கூட்டணியின் சின்னம் கரூரிலும் சிவகங்கையிலும் கை. திருச்சியில் மதிமுகவின் தீப்பெட்டி. ராமநாதபுரத்தில் முஸ்லிம் லீக்கின் ஏணி. பாஜக அணிக்குக் கரூரிலும் சிவகங்கையிலும் தாமரை, திருச்சியில் குக்கர், ராமநாதபுரத்தில் சுயேச்சையாக நின்ற ஓ. பன்னீர்செல்வத்தின் பலாப்பழம். முக்கியப் போட்டியாளர்களின் சின்னங்களில் இரட்டை இலையும் மைக்கும்தான் நான்கு தாளிலும் இருந்தன. திருச்சியில் வென்ற தீப்பெட்டி அங்கீகாரம் பெற்ற கட்சியின் சின்னம் அல்ல என்பதால் இரண்டாம் பிரிவுக்குள் இருக்கும். கரூரில் வென்ற கையோ முதல் பிரிவில். கரூரில் மட்டும் 54 வேட்பாளர்கள். ஒரு வாக்குப்பதிவுக் கருவியில் நோட்டாவையும் சேர்த்து 16 பெயர்தான் கொள்ளும் என்பதால் அங்கே சாவடிக்கு நான்கு கருவிகளை வரிசையாக வைக்க வேண்டியிருந்தது. அந்தத் தாளின் அகலத்தைக் கற்பனை செய்துகொள்ளுங்கள்.

இங்கே சாளரங்களைச் சேர்த்து நகர்த்தும் வசதியின் குணத்தைப் புரிந்துகொள்ள வேண்டும். புதுக்கோட்டை நகரத்தைச் சுற்றியவர்களுக்கு அதன் வீதிகள் தெரியும். நேர்க்கோடுகளாக, ஒன்றையொன்று செங்குத்தாக வெட்டிக்கொண்டு போகும். கீழ 2ஆம் வீதி, வடக்கு 3ஆம் வீதி என்று திசையும் எண்ணும் சேர்ந்தால் முகவரி முடிந்தது. விரிதாளில் பி7, டி12 என்பதும் அப்படியே. சேர்ந்து நகரும் சாளரங்கள் முகவரியை மட்டுமே பார்க்கின்றன, குடியிருப்பவரைப் பார்ப்பதில்லை. இங்கே ஏழு வரிசை இறங்கினால் அங்கேயும் ஏழு வரிசை இறங்கும். இங்கே தீப்பெட்டி இருக்கும் நெடுவரிசையில் அங்கே யாரோ ஒரு சுயேச்சை இருந்தாலும் அதற்குக் கவலையில்லை. வடிகட்டியோ மறைத்து வைத்த வரிசையோ ஒரு தாளில் மட்டும் இருந்தால் இரண்டும் சத்தமில்லாமல் விலகிப் போய்க்கொண்டே இருக்கும்.

இந்த விலகலின் நல்ல உதாரணம் சாவடிப் பட்டியல். ஒரு சாவடிக்கு இத்தனை வாக்காளர் என்று ஒரு பொது வரம்பு உண்டு. அதைத் தாண்டினால் சாவடியைப் பிரிப்பார்கள். ஆலங்குடித் தாளில் 57ஆம் சாவடி இரண்டாகப் பிரிந்தது என்று வைத்துக்கொள்வோம். அதற்கு மேலுள்ள 56 வரிசைகளும் இரண்டு சாளரத்திலும் பிசகாமல் நேருக்கு நேர் நிற்கும். 58-லிருந்து கடைசி வரை ஒவ்வொரு வரிசையும் தன் அண்டை வீட்டுக்காரரோடு ஒப்பிடப்படும். எண்கள் ஏறத்தாழ ஒத்துப்போவதால் கண்ணுக்குச் சந்தேகமே வராது. பக்கத்துப் பக்கத்துச் சாவடிகளின் வாக்கு விகிதம் பெரும்பாலும் ஒரே சாயலில்தான் இருக்கும். இதற்குக் கைமருந்து ஒன்று உண்டு. சேர்ந்து நகரும் வசதியை அணைத்துவிட்டு, ஒரு சாளரத்தை மட்டும் ஒரு வரிசை நகர்த்திச் சரிசெய்து, மறுபடி இயக்கினால், அந்த இடைவெளியைக் காப்பாற்றிக்கொண்டே இரண்டும் நகரும். அடுத்த பிரிந்த சாவடி வரும்வரை நிம்மதி.

எத்தனை சாவடி பிரிந்திருந்தாலும் தானே இனம்கண்டு இணைகோக்க ஒரு கணக்கு முறை உண்டு. 1970-ல் சால் நீடில்மன், கிறிஸ்டியன் வுன்ஷ் இருவரும் புரதங்களில் உள்ள அமினோ அமிலத் தொடர்களை ஒப்பிட அதை வகுத்தார்கள். எங்கே இடைவெளி விட்டால் மிச்சம் அதிகம் பொருந்தும் என்று தேடுவதுதான் அதன் சாரம். அதே குடும்பத்தைச் சேர்ந்த ஒரு முறையை 1976-ல் பெல் ஆய்வகத்தில் ஜேம்ஸ் ஹன்ட், டக்ளஸ் மெக்கில்ராய் இருவரும் இரண்டு கோப்புகளின் வரிகளை ஒப்பிடும் ‘டிஃப்’ நிரலுக்காக விவரித்தார்கள். 2013 முதல் ஆபீஸின் உயர் பதிப்புகளோடு வரும் ‘ஸ்ப்ரெட்ஷீட் கம்பேர்’ இந்த வேலையை விரிதாளுக்குச் செய்துதருகிறது. இது இருப்பதே பலருக்குத் தெரியாது.

பக்கத்தில் பக்கத்தில் வைப்பதற்கு ஒரு பலவீனம் உண்டு. அதைச் சொல்லாமல் விட்டால் கட்டுரை ஒருதலைப்பட்சமாகிவிடும். எங்கே ஒப்பிட வேண்டும் என்று தெரிந்திருந்தால் அது அருமையான முறை. எங்கோ ஏதோ ஒன்று மாறியிருக்கிறது, எங்கே என்று தெரியாது என்றால் அது மோசமான முறை. 1930-ல் அமெரிக்காவின் லோவெல் வானாய்வகத்தில் 24 வயது கிளைட் டோம்பாவுக்கு இருந்த சிக்கல் இதுதான். ஜனவரி 23, 29 தேதிகளில் வானத்தின் ஒரே பகுதியை எடுத்த இரண்டு கண்ணாடித் தகடுகள், ஏராளமான புள்ளிகள், அவற்றில் நகர்ந்தது ஒன்றே ஒன்று. பக்கத்தில் வைத்து ஒவ்வொன்றாகப் பார்த்தால் ஆயுள் போதாது. அவர் பயன்படுத்திய கருவி இரண்டு தகடுகளையும் ஒரே இடத்தில் மாற்றி மாற்றிக் காட்டியது. அசையாத விண்மீன்கள் அப்படியே நின்றன. ஒரு புள்ளி மட்டும் முன்னும் பின்னும் குதித்தது. பிப்ரவரி 18 அன்று புளூட்டோ அகப்பட்டது.

இதே வித்தை எக்செல்லிலும் பலிக்கும். ஒரே தாளின் பழைய நகலையும் திருத்திய நகலையும் ஒரே கோப்புக்குள் அடுத்தடுத்த தாளாக வைத்து, இரண்டிலும் ஒரே இடத்துக்குப் போய், கன்ட்ரோல் விசையோடு பேஜ் டவுன், பேஜ் அப் என்று மாற்றி மாற்றி அழுத்துங்கள். மாறிய கட்டம் மினுக்கும். மூளைக்குள் அசைவை உணரும் பகுதி அந்த மினுக்கலைக் கேட்காமலே பிடித்துக்கொடுத்துவிடும். ஆனால் இரண்டு காட்சிக்கும் நடுவே துளி வெறுமையும் வரக்கூடாது. ரொனால்ட் ரென்சிங்க் குழுவினர் 1997-ல் இரண்டு படங்களுக்கு இடையே நொடியில் நூற்றில் எட்டுப் பங்கு நேரம் வெற்றுத் திரையைக் காட்டினார்கள். விமானத்தின் இயந்திரமே காணாமல் போனால்கூடப் பார்த்தவர்களுக்கு நெடுநேரம் தெரியவில்லை. பக்கத்துப் பக்கத்துச் சாளரங்களுக்கு இடையே கண் தாவும்போது பார்வை அணைகிறது என்று மேலே சொன்னேன்; அதுவும் இந்த வெற்றுத் திரையின் வேலையைத்தான் செய்கிறது.

இவ்வளவு கஷ்டம் எதற்கு, விலுக்கப் என்ற தேடல் சூத்திரம் போட்டால் கணினியே ஒப்பிட்டுவிடாதா என்று கேட்பவர்களுக்கு இரண்டு பதில். முதலாவது, பெயரை வைத்துத் தேடினால் பெயர் காலை வாரும். 2024-ல் கரூர்த் தாளில் ஒரு செந்தில்நாதன் இருக்கிறார், பாஜக வேட்பாளர். திருச்சித் தாளிலும் ஒரு செந்தில்நாதன், அமமுக வேட்பாளர். ராமநாதபுரத்திலோ ஓ. பன்னீர்செல்வம் என்ற பெயரிலேயே வேறு சில சுயேச்சைகளும் நின்றார்கள். தேடல் சூத்திரம் முதலில் அகப்பட்டவரைக் கொண்டுவந்து நிறுத்தும், கேள்வி கேட்காது. சின்னத்தைத் திறவுகோலாக வைத்து முதல் வரிசையில் நீங்களே ஒரு குறியீடு எழுதிக்கொள்வதுதான் பிழைக்கும் வழி.

இரண்டாவது சங்கடம் தமிழுக்கே உரியது. ஆலங்குடிப் பக்கத்து ஊரான கொத்தமங்கலத்தை எடுத்துக்கொள்வோம். யூனிகோடில் ‘கொ’ என்பதை, க-வுக்குப் பின் ஒகரக் குறியை ஒரே எழுத்தாகத் தட்டியும் எழுதலாம். ஒற்றைக் கொம்பு, துணைக்கால் என்று இரண்டு துண்டாகவும் எழுதலாம். முதல் வகையில் ஊரின் பெயருக்கு 12 குறியெண்கள், இரண்டாம் வகையில் 13. திரையில் துளி வித்தியாசம் தெரியாது. முன்கூட்டிச் சீர்செய்யாமல் குறியெண்ணுக்குக் குறியெண் ஒப்பிடுகிற நிரல் இவை இரண்டு ஊர் என்று சொல்லிவிடும். ஔகாரக் குறிக்குப் பதில் எகரக் கொம்பும் ளகரமும் சேர்த்துத் தட்டுவது இன்னும் பரவலான பழக்கம், கௌரி கெளரியாகிவிடுவார். சூத்திரம் ‘இல்லை’ என்று திருப்பி அனுப்பும்போது, இரண்டு சாளரத்தையும் அருகில் வைத்துப் பார்க்கும் கண்தான் ‘அட, இதே ஊர்தானே’ என்று சொல்லும். சூத்திரம் கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லும். ஒரு சாவடியில் மட்டும் நோட்டா எகிறியிருப்பதோ, தட்டச்சில் 214 என்பது 241 ஆனதோ நாம் கேட்க நினைக்காத கேள்விகள். அவை கண்ணில்தான் படும்.

இத்தனையும் செய்து, ஆறு தொகுதியையும் பிரித்தெடுத்து, நெடுவரிசைகளைச் சின்னத்தின்படி ஒழுங்குபடுத்தி, சாவடிகளை இணைகோத்துக் கூட்டியாயிற்று. அப்போதும் ஒரு வரிசை கையில் சிக்காமல் நிற்கும். மக்களவைத் தேர்தலில் தபால் வாக்குகளைச் சட்டமன்றத் தொகுதிவாரியாக எண்ணுவதில்லை. தேர்தல் நடத்தும் அலுவலரின் மேசையில் மொத்தத் தொகுதிக்கும் சேர்த்தே எண்ணுகிறார்கள். படிவம் 20-ன் அடியில் அது ஒற்றை வரிசையாக வருகிறது. ராணுவத்தில் இருக்கும் விராலிமலைக்காரர் ஒருவர் போட்ட வாக்கு கரூர்த் தாளின் அந்த வரிசைக்குள் வேடசந்தூர், மணப்பாறைக்காரர்களின் வாக்குகளோடு கலந்து கிடக்கிறது. எந்தச் சாளரத்தை எங்கே வைத்தாலும் அதைப் பிரிக்க முடியாது. மாவட்டக் கூட்டுத்தொகைக்குக் கீழே ‘தபால் வாக்குகள் நீங்கலாக’ என்று ஒரு வரி எழுதிவிட்டுக் கோப்பைச் சேமிக்கலாம்.